கூடுதல் மேகசின் எதற்கு? அமெரிக்கத் துப்பாக்கி விவாதத்தின் நடுவே ஒரு தகரப் பெட்டி

2020 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் சுமார் 22,000 பேர் கூடினார்கள். மாநில அரசு கொண்டுவரவிருந்த துப்பாக்கிக் கட்டுப்பாடுகளை எதிர்த்து நடந்த கூட்டம் அது. அன்றைய படங்கள் உலகமெங்கும் ஓடின. தோளில் ரைபிள், உடம்பில் கவச உடை, மார்பின் குறுக்கே வரிசையாக மூன்று நான்கு பைகள், ஒவ்வொரு பையிலும் தோட்டா நிரப்பிய ஒரு மேகசின். கூட்டம் அமைதியாகக் கலைந்தது. ஆனால் படத்தைப் பார்த்த பலருக்கும் ஒரு கேள்வி மிஞ்சியது. எல்லையில் நிற்கும் சிப்பாய்க்கு அத்தனை மேகசின் தேவை, சரி. சாதாரணக் குடிமகனுக்கு எதற்கு?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு இரண்டு தயார்ப் பதில்கள் உண்டு. "உரிமை, அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை" என்பது ஒன்று. "கொலை செய்யத்தான், வேறெதற்கு" என்பது மற்றொன்று. இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் விஷயம் பிடிபடும்.

மேகசின் என்பது என்ன?

அரபு மொழியில் 'மக்ஸன்' என்றால் கிடங்கு. அது ஐரோப்பிய மொழிகளுக்குள் போய் வெடிமருந்துக் கிடங்குக்குப் பெயரானது. 1731இல் லண்டனில் ஒருவர் தன் மாத இதழுக்கு 'செய்திக் கிடங்கு' என்ற பொருளில் இந்தச் சொல்லை வைக்க, பத்திரிகைக்கும் அதுவே பெயராகிவிட்டது. தமிழ்நாட்டில் மேகசின் என்றால் முதலில் வார இதழ்தான் நினைவுக்கு வரும். கொழும்பில் 'மகசின் சிறைச்சாலை' என்றே ஒன்று இருக்கிறது. ஈழத்துத் தமிழில் துப்பாக்கி மேகசினுக்கு 'ரவைக்கூடு' என்ற அழகான சொல்லும் உண்டு.

பொருள் என்று பார்த்தால் அது ஒரு நீளப் பெட்டி. அடியில் ஒரு ஸ்பிரிங், அதன் மேல் தோட்டாவைத் தாங்கும் ஒரு தட்டு, பெட்டியின் வாயில் உள்நோக்கி வளைந்த இரண்டு விளிம்புகள். இந்த விளிம்புகளை 'உதடு' என்கிறார்கள். ஸ்பிரிங் கீழிருந்து தள்ளும், உதடு மேலே விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை சுட்டதும் துப்பாக்கியின் போல்ட் (தோட்டா வெடிக்கும் அறையை மூடித் திறக்கும் உலோகத் துண்டு) பின்னால் போய்த் திரும்பி வரும்போது மேலே இருக்கும் தோட்டாவை உதட்டிலிருந்து உருவி அறைக்குள் தள்ளுகிறது. அவ்வளவுதான் பொறிமுறை.

அமெரிக்கப் பொதுமக்களிடம் பரவலாக இருக்கும் ஏ.ஆர்.-15 வகை ரைபிளுக்கு 30 தோட்டா பிடிக்கும் மேகசின்தான் வழக்கமான அளவு. 1960களில் 20 தோட்டா மேகசின்தான் இருந்தது. வியட்நாம் போருக்குப் பிறகு 30 நிலைத்துவிட்டது. நிரப்பிய 30 தோட்டா மேகசின் ஒன்று ஏறக்குறைய அரைக் கிலோ எடை. அமெரிக்க ராணுவச் சிப்பாய் ஒருவர் வழக்கமாகச் சுமப்பது 7 மேகசின், 210 தோட்டா. ரிச்மண்ட் படங்களில் மார்பில் தெரிந்த வரிசை இந்த ராணுவக் கணக்கின் சாயல்தான்.

மூன்று கேள்விகள் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன

விவாதத்தில் 'கூடுதல் மேகசின்' என்று சொல்லும்போது ஆளுக்கு ஒன்றை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். பிரித்துக்கொள்வோம்.

1. ஒரு ரைபிளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மேகசின் சொந்தமாக வைத்திருப்பது.
2. வீட்டில் ரைபிளுக்குப் பக்கத்திலேயே நிரப்பிய இன்னொன்றைத் தயாராக வைப்பது.
3. உடம்பில் மாட்டிக்கொண்டு வெளியே போவது.

முதலாவதற்குக் காரணம் கேட்பதே வீண்வேலை. இரண்டாவதற்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. மூன்றாவதற்கு நியாயம் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு, அவையும் பெரும்பாலும் ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன. இனி வருவது இந்த மூன்று வாக்கியங்களுக்கான விளக்கம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் பெட்டிதான்

துப்பாக்கி பழகியவர்களிடம் கேட்டால் தோட்டா எண்ணிக்கையைப் பற்றி முதலில் பேச மாட்டார்கள். பழுதைப் பற்றித்தான் பேசுவார்கள். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் எந்தத் துப்பாக்கியிலும் அடிக்கடி தகராறு செய்யும் பாகம் மேகசின். காரணம் எளிது. ரைபிளின் முக்கியப் பாகங்கள் கனத்த உலோகம். மேகசின் மெல்லிய அலுமினியத் தகடு அல்லது பிளாஸ்டிக். கீழே விழுவதும் மிதிபடுவதும் மணல் ஏறுவதும் அதற்குத்தான்.

1. உதடு வளைவது. நிரப்பிய மேகசின் சிமெண்ட் தரையில் வாய்ப்பக்கமாக விழுந்தால் உதடு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் போதும். போல்ட் உருவும்போது தோட்டா கோணலாகப் போகும், அல்லது இரண்டு ஒன்றாகக் கிளம்பும்.

2. ஸ்பிரிங் தளர்வது. சுட்டுச் சுட்டு, நிரப்பி நிரப்பி ஸ்பிரிங் சோர்ந்துவிடும். அப்போது போல்ட் முன்னால் வரும் வேகத்துக்கு ஈடாகத் தோட்டா மேலே ஏறாது. போல்ட் வெறும் அறையை மூடிவிடும். விசையை இழுத்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும்.

3. அளவுக்கு மீறித் திணிப்பது. வியட்நாமில் 20 தோட்டா மேகசினில் 18 மட்டும் போடும் பழக்கம் சிப்பாய்களிடம் இருந்தது. 30இல் 28 போடும் பழக்கம் இன்றும் பலரிடம் உண்டு. நவீன மேகசின்களுக்கு இது தேவையா என்று துப்பாக்கிக் கடைகளில் மணிக்கணக்கில் சண்டை நடக்கும்.

4. இரட்டைத் தோட்டா அடைப்பு. அறைவாயில் இரண்டு தோட்டாக்கள் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு நிற்பது. இதைத் தட்டியோ குலுக்கியோ சரிசெய்ய முடியாது. மேகசினைப் பிடுங்கி எடுத்து, சிக்கியதை உதிர்த்து, பிறகு புதிதாக ஒன்றை மாட்ட வேண்டும். பிடுங்கியதையே திரும்ப மாட்டினால் அதே அடைப்பு மீண்டும் வரலாம், ஏனென்றால் குற்றவாளி அதுவாகவே இருக்கக்கூடும்.

நான்காவதுதான் இந்த விவாதத்தின் மையம். ஒரே ஒரு மேகசின் வைத்திருப்பவரின் ரைபிள், அந்த மேகசின் கெட்டால், தோட்டாவைக் கையால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும் கருவியாகிவிடுகிறது. காரில் ஸ்டெப்னி வைத்திருப்பவரிடம் "எத்தனை டயரில் ஓட்டப் போகிறாய்" என்று யாரும் கேட்பதில்லை. அதே நியாயத்தில் இரண்டாவது மேகசின் பழுதுக்கான மாற்றுப் பாகம். அனுபவசாலிகள் தங்கள் மேகசின்களின் அடியில் 1, 2, 3 என்று பெயிண்டால் எழுதி வைப்பார்கள். எது அடிக்கடி சிக்குகிறது என்று தெரிந்தால் அதைத் தூக்கிப் போடலாம்.

ஆனால் ஸ்டெப்னி ஒன்றுதான் வைக்கிறோம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இந்த நியாயம் இரண்டாவது மேகசினை விளக்குகிறது. ஏழாவதை விளக்கவில்லை.

தற்காப்பில் எத்தனை தோட்டா செலவாகிறது?

பழுதை விட்டுவிட்டு எண்ணிக்கைக்கு வருவோம். வீட்டுக்குள் திருடன், வீட்டுக்காரர் கையில் ரைபிள். 30 தோட்டா தீர்ந்து அடுத்த மேகசின் மாட்டும் நிலை வருமா?

10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின்களுக்குக் கலிபோர்னியா போட்ட தடை பற்றிய வழக்கில் மாநில அரசின் சார்பில் ஒரு பொருளியல் நிபுணர் ஒரு கணக்கைத் தாக்கல் செய்தார். துப்பாக்கி உரிமை அமைப்பான என்.ஆர்.ஏ. தானே திரட்டி வெளியிடும் தற்காப்புச் சம்பவங்களை எடுத்துக்கொண்டார். 2011 முதல் 2017 வரையிலான 700க்கும் மேற்பட்ட சம்பவங்களில் சராசரியாகச் சுடப்பட்டது 2.2 முறை. பத்துக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்பட்டவை இரண்டே. இந்தக் கணக்கில் குறை உண்டு. பத்திரிகைச் செய்திகளிலிருந்து பொறுக்கியெடுத்தவை என்பதால் இது முறையான மாதிரி அல்ல. எத்தனை முறை சுட்டார் என்பது பல செய்திகளில் இருக்கவே இருக்காது. இருந்தாலும், பொறுக்கியது துப்பாக்கிக்கு ஆதரவான அமைப்பு என்பதை மறக்கக் கூடாது. நிறைய தோட்டா தேவைப்பட்ட கதை கிடைத்திருந்தால் அவர்கள் அதை விட்டிருப்பார்களா?

மறுபக்கத்திலும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. 2021இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் இங்கிலிஷ் துப்பாக்கி உரிமையாளர்கள் 16,000க்கும் மேற்பட்டோரிடம் இணையவழியில் கேட்டார். ஆண்டுக்குச் சுமார் 16.7 லட்சம் தற்காப்புச் சம்பவங்கள் நடக்கின்றன என்பது அவர் முடிவு. அமெரிக்க அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு சொல்வதோ ஆண்டுக்கு 60,000 முதல் 70,000 வரைதான். இடைவெளி பயங்கரமானது, அதைப் பற்றிய சண்டை பல பத்தாண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. நமக்கு வேண்டியது வேறு. இங்கிலிஷின் அதே ஆய்வில், 100 சம்பவங்களில் ஏறக்குறைய 82இல் சுடவே இல்லை. துப்பாக்கியைக் காட்டியதோ இருக்கிறது என்று சொன்னதோ போதுமாக இருந்தது. பயன்பட்ட துப்பாக்கிகளில் ரைபிள் சுமார் 13 சதவீதம்தான். மூன்றில் இரண்டு பங்கு கைத்துப்பாக்கி.

தனித்தனிச் சம்பவங்களும் இதையே காட்டுகின்றன. 2022 ஜூலையில் இந்தியானா மாநிலம் கிரீன்வுட்டில் ஒரு வணிக வளாகத்தில் ஒருவன் ரைபிளால் சுடத் தொடங்கினான். அங்கே இருந்த 22 வயது இளைஞர் கைத்துப்பாக்கியால் 10 முறை சுட்டு, 15 விநாடிக்குள் அவனை வீழ்த்தினார். 2020 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில் கலவரத்தின் நடுவே ஏ.ஆர். வகை ரைபிளுடன் நின்ற கைல் ரிட்டன்ஹவுஸ் இருவரைக் கொன்றார், ஒருவரைக் காயப்படுத்தினார். பின்னர் தற்காப்பு என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. அமெரிக்காவே இரண்டாகப் பிரிந்து சண்டையிட்ட அந்த வழக்கில் சுடப்பட்டது 8 தோட்டா. மேகசின் மாற்றும் பேச்சே எழவில்லை.

எதிர்வாதம் ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் சுடுபவர்களுக்குக் குறி தவறும். நியூயார்க் போலீஸாரைப் பற்றி ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, எதிராளியும் திருப்பிச் சுடும் மோதல்களில் பயிற்சி பெற்ற போலீஸாரின் தோட்டாக்களில் 18 சதவீதம்தான் இலக்கில் பட்டன. எனவே சராசரி 2.2 என்பதை நம்பித் திட்டமிடக் கூடாது, மோசமான நாளை நினைத்துத்தான் திட்டமிட வேண்டும் என்கிறார்கள். வாதம் சரிதான். ஆனால் 30 தோட்டா பிடிக்கும் பெட்டி ஏற்கெனவே அந்த மோசமான நாளுக்குத்தான். அதற்கும் மேலே ஒன்று என்பதற்கு இது போதாது. அப்புறம், குறி தவறிய 82 சதவீதம் போய் நிற்கும் இடம் பக்கத்து வீட்டுச் சுவராகவும் இருக்கலாம்.

உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள்

சுடும் பயிற்சிக் களத்தில் யாரும் ஒற்றை மேகசினோடு போக மாட்டார்கள். களங்கள் பலவற்றில் மணிக்கணக்குக்குக் காசு. ஏ.ஆர்.-15க்கான 5.56 மி.மீ. தோட்டா வழக்கமாக 20 கொண்ட அட்டைப்பெட்டியில் வருகிறது, மேகசினோ 30 பிடிக்கிறது. இந்தப் பொருத்தமின்மைக்கு நடுவே கட்டைவிரல் வலிக்க ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருப்பதைவிட, முந்தின நாள் இரவே வீட்டில் ஐந்தாறு மேகசின் நிரப்பிக்கொண்டு போவது லாபம். விற்பனையாகும் மேகசின்களில் பெரும்பகுதியின் வாழ்க்கை இப்படித்தான் கழிகிறது என்பது என் கணிப்பு.

போட்டிகளில் அது விதியாகவே இருக்கிறது. ராணுவ ரைபிள் வகைக் குறிசுடும் போட்டியின் விரைவுச் சுற்றில் 10 தோட்டாவைச் சுமார் ஒரு நிமிடத்தில் சுட வேண்டும். நடுவே மேகசின் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும் திறனும் போட்டியில் ஒரு பகுதி.

அடுத்தது காட்டுப்பன்றி. 2019 ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோவிலும் ஒஹாயோவின் டேட்டனிலும் அடுத்தடுத்து நடந்த படுகொலைகளுக்குப் பிறகு, "என் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு 30, 50 காட்டுப்பன்றி ஓடி வந்தால் என்ன செய்வது" என்று ஒருவர் சமூக ஊடகத்தில் கேட்க, நாடே சிரித்தது. சிரித்தவர்களில் பெரும்பாலோர் நகரத்தார். டெக்சாஸ் விவசாயிகளுக்கு அது நகைச்சுவை அல்ல. பன்றிகள் கூட்டமாக வந்து ஓர் இரவில் வயலை உழுதுபோட்டுவிட்டுப் போகும். நாடு முழுக்க ஆண்டுச் சேதம் 150 கோடி டாலருக்கு மேல் என்பது வேளாண் துறையின் மதிப்பீடு. ஹெலிகாப்டரில் இருந்து பன்றி சுட 2011 முதல் டெக்சாஸில் சட்டமே அனுமதிக்கிறது. ஒரு பன்றி விழுந்ததும் மற்றவை சிதறி ஓடும், கிடைப்பது சில விநாடிகள். இங்கே இன்னொரு மேகசின் சட்டைப்பையில் இருப்பது விவசாயியின் வேலைக்கு உதவும் விஷயம்தான்.

ஆனால் பன்றியை வைத்து மொத்த வேட்டைக்கும் நியாயம் பேச முடியாது. மான் வேட்டைக்கு ஒன்றிரண்டு தோட்டா போதும். புளோரிடா போன்ற மாநிலங்களில் விலங்கு வேட்டைக்கான, தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிளில் 5 தோட்டாவுக்கு மேல் பிடிக்கக் கூடாது. வாத்து சுடும் ஷாட்கன்னில் 3 தோட்டாதான் என்று ஒன்றிய அரசின் விதி 1930களிலிருந்தே இருக்கிறது. வாத்துகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு மனிதர்களுக்கு இல்லையே என்று கட்டுப்பாட்டு ஆதரவாளர்கள் குத்திக்காட்டுவது இதனால்தான்.

கடைசியாக, போலீஸ் வராத நாட்கள். 1992 ஏப்ரல் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தில் போலீஸ் பின்வாங்கிய பிறகு, கொரியா டவுன் கடைக்காரர்கள் ரைபிளோடு கூரை ஏறிக் காவல் நின்றார்கள். கலவரத்தில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸில் நாள்கணக்கில் சட்டம் ஒழுங்கு இல்லை. வீட்டில் கூடுதல் மேகசின் இருக்க வேண்டும் என்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் எடுத்துக்காட்டுகள் இவை, வலுவானவையும்கூட. அதே நேரம் இவை வீட்டில், கடையில், ஓரிடத்தில் நின்று காப்பதைப் பற்றியவை. சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் கவசத்தில் செருகிக்கொண்டு தெருவில் நடப்பதற்கு இவற்றிலிருந்து நியாயம் வராது. ரிச்மண்டில் மார்பில் இருந்த மேகசின்கள் பேசியது அரசியல். அதை அரசியல் என்றே ஒப்புக்கொண்டு வாதாடினால் பரவாயில்லை; தற்காப்புத் தேவை என்று சொல்லும்போதுதான் இடிக்கிறது.

மாற்றும் அந்தச் சில விநாடிகள்

மேகசினுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களின் வாதம் முழுவதும் ஒரு இடைவெளியில் நிற்கிறது. பயிற்சி உள்ளவர் மேகசின் மாற்ற இரண்டு மூன்று விநாடி போதும், இல்லாதவருக்கு அதைவிடக் கூடும். அந்த நேரத்தில் ஓடலாம், ஒளியலாம், பாயலாம்.

2011 ஜனவரி 8இல் அரிசோனாவின் டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது ஒருவன் 33 தோட்டா மேகசின் மாட்டிய கைத்துப்பாக்கியால் சுட்டான். ஆறு பேர் இறந்தார்கள், அதில் ஒன்பது வயதுச் சிறுமியும் ஒருத்தி. அடுத்த மேகசினை மாட்ட முயன்றபோதுதான் அங்கிருந்தவர்கள் அவனை மடக்கினார்கள். 61 வயதுப் பெண் ஒருவர் அவன் கைக்குப் போகாமல் மேகசினைப் பறித்தார். 2019இல் டேட்டனில் ரோந்துப் போலீஸார் சுமார் அரை நிமிடத்தில் கொலையாளியை வீழ்த்தினார்கள். ஆனால் அவனிடம் 100 தோட்டா பிடிக்கும் டிரம் (உருளை வடிவ மேகசின்) இருந்ததால் அதற்குள் 41 முறை சுட்டு ஒன்பது பேரைக் கொன்றிருந்தான்.

இதற்கு நேர்மாறான சம்பவமும் உண்டு. 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவன் பயன்படுத்தியவை 10, 15 தோட்டா மேகசின்கள். சம்பவ இடத்தில் கிடந்த காலி மேகசின்கள் மட்டும் 17. பை நிறையக் கொண்டுவருபவனைப் பெட்டியின் அளவு தடுத்துவிடவில்லை.

நீதிமன்றத்தில் இரு தரப்பும் வழுக்கும் இடம்

1994 செப்டம்பரில் வந்த ஒன்றியச் சட்டம் 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் புதிய மேகசின்களைத் தடை செய்தது. ஏற்கெனவே இருந்தவற்றை விட்டுவிட்டது. பத்தாண்டில், 2004இல், காலாவதியானது. அதற்குப் பின் மாநிலத்துக்கு ஒரு கணக்கு. கொலராடோவில் 15, டெலவேரில் 17, வெர்மான்ட்டில் ரைபிளுக்கு 10 கைத்துப்பாக்கிக்கு 15. நியூயார்க் 2013இல் 10 தோட்டா மேகசினில் 7 மட்டுமே போடலாம் என்று விசித்திரமான விதி ஒன்றைப் போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் நீதிமன்றம் அதை நீக்கியது.

இந்தச் சட்டங்கள் கட்டுப்படுத்துவது ஒரு மேகசினின் கொள்ளளவை. எத்தனை மேகசின் என்பதை அல்ல. இதனால் இரு தரப்பு வாதத்திலும் ஓர் ஓட்டை விழுகிறது. உரிமைத் தரப்பு நீதிமன்றத்தில் சொல்வது: நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுந்த வீட்டுக்காரருக்கு மேகசின் மாற்ற நேரம் இருக்காது, எனவே பெரிய மேகசின் வேண்டும். மாற்றவே நேரமில்லை என்றால் மாற்று மேகசின் எதற்கு? அரசுத் தரப்பு சொல்வது: வீட்டுக்காரருக்கு 10 போதும், தேவையானால் மாற்றிக்கொள்ளட்டும். கொலையாளிக்கு மரண இடைவெளியாக இருக்கும் அதே மாற்றம் வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படிச் சின்ன அசௌகரியம் ஆகும்?

கலிபோர்னியா வழக்கு இந்த இழுபறியின் முழு உருவம். 2016இல் மக்கள் வாக்கெடுப்பில் பெரிய மேகசின் வைத்திருப்பதே தடையானது. 2019 மார்ச்சில் மாவட்ட நீதிபதி ரோஜர் பெனிடெஸ் அதை ரத்து செய்ய, அந்தத் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்படும் வரையிலான ஒரு வாரத்தில் மாநிலமெங்கும் மேகசின் வியாபாரம் தீபாவளிக் கடை போல நடந்தது. மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம், திரும்ப முதலிலிருந்து என்று சுற்றி, 2025 மார்ச்சில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 7க்கு 4 என்ற கணக்கில் தடை செல்லும் என்றது. பெரிய மேகசின் துப்பாக்கி இயங்கத் தேவையான பாகமல்ல, கூடுதல் துணைப்பொருள் என்பது பெரும்பான்மையின் கருத்து. மாறுபட்ட நீதிபதிகளில் ஒருவரான லாரன்ஸ் வான்டைக், தன் அறையில் அமர்ந்து துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டி விளக்கும் வீடியோவையே தன் தீர்ப்போடு இணைத்தார். சக நீதிபதிகள் சிலர் கோபப்பட்டார்கள்.

ஆக, இன்று கலிபோர்னியாவில் ஒருவர் கடைக்குப் போய் 10 தோட்டா மேகசின் எத்தனை வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு வரலாம். 11 பிடிக்கும் ஒன்றே ஒன்றை வாங்க முடியாது.